வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள்

யார் எதைக் கொடுத்தாலும் அவள் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொள்வாள். வாங்கியதைக் கொடுத்தவரின் கண்முன்னாலேயே பயன்படுத்தவும் தொடங்கிவிடுவாள். தொப்பி என்றால் உடனே தலையில் ஏறும். ரொட்டி என்றால் உறை அங்கேயே கிழியும். 'எதுக்கு இதெல்லாம்', 'பரவாயில்ல, நீங்களே வச்சிக்குங்க' என்று நாமெல்லாம் சொல்லிப் பழகியிருக்கிறோமே, அந்தச் சொற்கள் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

நாங்கள் இருவரும் மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தோம், ஒன்றாக ஓடினோம். நானூறு மீட்டர். அவள் அங்கே இருந்த காலம் முழுக்க நான் அவளை ஒருமுறைகூட முந்தியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றி நான் சொல்லப்போவதெல்லாம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடிய ஒருத்தி சொல்வது.

முதல் வாரம். கேண்டீனில் அவளும் நானும் அடுத்தடுத்து நின்றோம். இருவரும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்தான் கேட்டோம். மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் கடைக்கார மலாய் அம்மா எனக்கு வைத்த அளவே அவளுக்கும் வைத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். கேட்காமலேயே ஒரு பொரித்த முட்டையை எடுத்து அவள் தட்டில் போட்டு, இப்படி மெலிந்து கிடக்கிறாயே என்று மலாயில் செல்லமாகத் திட்டினார். நானும் மெலிந்துதான் இருந்தேன். அவளைவிட ஒரு சுற்று மெலிந்திருந்தேன்.

மேசைக்கு வந்ததும் அவள் அந்த முட்டையைக் கரண்டியால் இரண்டாக வெட்டி, பெரிய பாதியை என் தட்டில் வைத்தாள்.

"வேணாம், வேணாம். ஒனக்குக் குடுத்தது."

"சாப்பிடு லா. வேணாம்னு சொன்னா, குடுக்கறவங்க மூஞ்சிய எங்க கொண்டுபோயி வச்சிக்குவாங்க?"

சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. எனக்கு ஏன் போடவில்லை என்ற கேள்வியும் கூடவே இறங்கியது.

நான் பொந்தியான்காரி. அப்பா மாவட்ட அலுவலகத்தில் கிராணியாக, எழுத்து வேலையில் இருந்தவர். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அரசாங்க உத்தியோகம்தான் எங்கள் குடும்பத்தின் பெருமை, பிறர் கையிலிருந்து எதையும் வாங்காததுதான் அதன் அடையாளம். தீபாவளிக்கு மளிகைக்கடைக்காரர் கொடுத்தனுப்பிய நாட்காட்டியைக்கூட அப்பா திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, யாராவது ஒரு மிட்டாயை நீட்டினால்கூட கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். பிறகு அந்த மிட்டாயை நினைத்துக்கொண்டே இருப்பேன்.

அவள் சிகாமட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்தவள். ஒருநாள் பயிற்சி முடிந்து புல்லில் படுத்திருந்தபோது, வெட்கமே இல்லாமல் எல்லாவற்றையும் எப்படி வாங்கிக்கொள்கிறாய் என்று நான் கேட்டேன். வேடிக்கையாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"எங்க தோட்டத்துல வெள்ளம் வந்துச்சி தெரியுமா? நான் அப்ப மூணாம் வகுப்பு. வீட்டுக்குள்ள ஒரு சாமான் மிச்சமில்ல. மெத்த, சட்டி, உடுப்பு எல்லாம் யாரோ எவரோ குடுத்ததுதான். எனக்கு வந்த பள்ளிக்கூட உடுப்புல வேற ஒரு புள்ளயோட பேரு தச்சிருந்துச்சி. ஒரு வருசம் அந்தப் பேரோடதான் பள்ளிக்கூடம் போனேன். மொதல்ல எங்கம்மா அழுதாங்க. அப்பறம் சொன்னாங்க, குடுக்கறவங்க அழாமதானே குடுக்கறாங்க, நாம ஏன் அழுதுகிட்டு வாங்கணும்னு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்கு அவள்மீது இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வாழ்க்கையில் சொல்வதற்கு இப்படி ஒரு கதைகூட இல்லையே என்றுதான் தோன்றியது.

நான் விடியுமுன் எழுந்து ஓடுவேன். என்ன சாப்பிட்டேன், எத்தனை சுற்று ஓடினேன் என்று நோட்டில் எழுதுவேன். அவள் எதையாவது மென்றுகொண்டே தாமதமாக வருவாள். "கேப்டன், பசியாறிட்டியா?" என்பாள். அணித்தலைவி ஆவதற்கு முன்பிருந்தே என்னை அப்படித்தான் கேலியாகக் கூப்பிடுவாள். பிறகு நான் உண்மையாகவே தலைவி ஆனேன். பயிற்றுநர் அவளைத்தான் முதலில் கேட்டார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. அவருக்கு அவள் சொன்ன பதில்: "அவளுக்குக் குடுங்க சார், அவதான் எல்லாத்தையும் எழுதி வைக்கறவ." அவளுக்கு வந்த ஒன்றில் இன்னொரு பாதி என் தட்டில்.

தொடர் ஓட்டத்தில் நான் மூன்றாவது, அவள் கடைசி. என் கையிலிருந்து கோலை வாங்கிக்கொண்டு அவள் பாய்வாள். அரங்கம் எழுந்து நிற்கும். மூன்றாவதாக ஓடியவள் அந்நேரம் என்ன ஆனாள் என்று யாரும் பார்ப்பதில்லை. நான் முட்டியில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் ஆண்டில் அந்த அங்கிள் வந்தார். பாசிர் கூடாங் ஆலைகளுக்குப் பராமரிப்பு வேலையாட்களை அனுப்பும் குத்தகைக்காரர். இளவயதில் தானும் ஓடியவராம். சனிக்கிழமைகளில் திடலுக்கு வந்து வேலியருகே நின்று பார்ப்பார். எல்லாருக்கும் இளநீர் வாங்கிவருவார். கெட்ட மனிதர் இல்லை. அவர் பார்வையில் தப்பாக எதையும் நான் கண்டதில்லை. ஓட்டத்தைப் பார்ப்பதில் அவருக்கு அப்படியொரு கிறுக்கு, அவ்வளவுதான். அவர் கண் அவள்மீதுதான் இருந்தது. முதலில் அவளுக்கு ஆணிவைத்த ஓட்டச் சப்பாத்து வந்தது. எங்கள் எல்லாருடைய பழைய சப்பாத்துகளுக்கும் நடுவில் அது ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. விடுதி தூரமாக இருக்கிறது, நடந்தே காலைக் கெடுத்துக்கொள்கிறாள் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாராம்.

"வாங்கிட்டியா?" என்று கேட்டேன்.

"குடுத்தாரே."

"திருப்பி என்ன கேட்டாரு?"

"ஆலைங்களுக்குள்ள போட்டி நடக்குதாம். அவரு கம்பெனி சட்ட போட்டு ஒரு ஓட்டம் ஓடிக் குடுக்கணுமாம். ஓடறதுக்கு என்னா, கசக்குதா?"

அவள் ஓடினாள், அந்தக் கம்பெனியின் ஊழியர் என்ற பெயரில். முதலாவதாக வந்தாள். பரிசாகக் கிடைத்த சோற்றுப்பானையை விடுதிக் காவலாளியின் மனைவிக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த மோட்டாரில் நானும் ஏறியிருக்கிறேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று பொந்தியான் மருத்துவமனையில் சேர்த்தபோது, பஸ் கிடைக்காமல் நான் நிறுத்தத்தில் நின்றேன். அவளே தேடிவந்து, "ஏறு" என்றாள். வழியெல்லாம் மழை. தனக்கு இருந்த ஒரே மழைச்சட்டையை எனக்குப் போட்டுவிட்டாள்.

வார்டில் அப்பா நனைந்து நிற்கும் அவளைப் பார்த்தார். "யாற்ற மோட்டார்ல வந்தனீங்கள் பிள்ளை?"

"ஒரு அங்கிள் குடுத்தாருப்பா," என்றாள் அவள், எந்த மறைப்பும் இல்லாமல். என் அப்பாவை 'அப்பா' என்று முதல் வார்த்தையிலேயே கூப்பிட்டுவிட்டாள். வழியில் யாரோ அவளுக்குக் கொடுத்த கறிபாப் பலகாரப் பொட்டலம் பையில் இருந்தது. அதைப் பிரித்து நீட்டினாள். நாட்காட்டியைத் திருப்பி அனுப்பிய என் அப்பா, ஒன்றை எடுத்துக் கடித்தார். உறைப்பு என்று கண்ணைச் சுருக்கினார். அவள் ஏதோ சொன்னாள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னுடைய எந்தப் பதக்கத்துக்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. மருத்துவர் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கட்டிலின் காலடியில் நின்றுகொண்டு, அந்த மோட்டார் யாருடையது, அது சரியா தவறா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பற்றி யோசிக்கவில்லை.

அடுத்த மாதம் பாரம் வந்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு முன்னால் ஒவ்வொரு ஓட்டக்காரரும் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழிப் பாரம். வெளியாரிடமிருந்து பொருளோ வாகனமோ தங்குமிடமோ வாங்கவில்லை, அனுமதி இல்லாமல் வேறு எந்த அணிக்காகவும் ஓடவில்லை, மீறியிருந்தால் போட்டியிடும் தகுதியை இழப்பேன், என் முடிவுகள் ரத்தாகும். அடியில் தலைவிக்கும் ஓர் இடம் இருந்தது: இவற்றை நான் படித்து விளக்கினேன். பயிற்றுநர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று.

மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினேன். ஒருத்திக்கு இரண்டு தடவை விளக்கினேன். அவள் கடைசியாக வந்தாள், வாயில் வாழைப்பழத்தோடு.

"எங்க போடணும் கேப்டன்?"

வாகனம் என்ற வரி என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சொல்லியிருந்தால் அவள் அன்றே மோட்டாரைத் திருப்பிக் கொடுத்திருப்பாள், அலுவலகத்தில் போய் உள்ளதைச் சொல்லியிருப்பாள். அப்போதைக்கு ஒரு கண்டிப்போடு முடிந்திருக்கும்.

"இங்க," என்று அடியைக் காட்டினேன்.

படிக்காமல் போட்டாள். நான் கொடுத்ததல்லவா. அதன் கீழே நானும் கையெழுத்திட்டேன். அவள் மாட்ட வேண்டும் என்று நினைத்தேனா? இத்தனை வருடங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். மாட்டட்டும் என்று நினைக்கவில்லை. மாட்டினால் மாட்டட்டும் என்று நினைத்தேன்.

போட்டியில் அவளுக்குத் தனி ஓட்டத்தில் தங்கம், எனக்கு வெள்ளி. தொடர் ஓட்டத்தில் எங்கள் நால்வருக்கும் தங்கம். பத்து நாள்கூட ஆகவில்லை, இன்னொரு பல்கலைக்கழகம் புகார் கொடுத்தது. கூடவே ஒரு படம். கம்பெனிச் சட்டையில், மார்பில் எண் ஒட்டி, அவள் முடிவுக்கோட்டைக் கடக்கும் படம். அந்த ஆலைப் போட்டியின் பக்கத்தில் யாரோ போட்டிருந்தார்கள். பின்னால் மோட்டார் சைக்கிளும் நின்றது, அங்கிள் அதில் சாய்ந்துகொண்டு கைதட்டினார்.

விசாரணை விளையாட்டுப் பிரிவின் சந்திப்பு அறையில், மலாயில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் அருகருகே. நடுவில் அமர்ந்திருந்த அம்மையார் கடுமையானவர் இல்லை. மோட்டாரை வாங்கியது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றாள் அவள். கம்பெனிக்காக ஓடியது? ஓடினேன்.

அம்மையார் பாரத்தை எங்கள் பக்கம் திருப்பினார். நிதானமாகச் சொன்னார்: பதக்கங்கள் எப்படியும் போய்விடும். ஆனால் விதி தெரியாமல் செய்திருந்தால் எச்சரிக்கை கொடுத்து அவளை அடுத்த ஆண்டு ஓட விடலாம். தெரிந்தே மறைத்துக் கையெழுத்திட்டிருந்தால் தடை. விளக்காமலேயே தலைவி கையெழுத்து வாங்கியிருந்தால், தலைவிக்குத் தடை.

பிறகு என்னைப் பார்த்தார். "விளக்கினீர்களா?"

குளிர்சாதனம் சத்தம் போட்டது. அவளுடைய முழங்கை என் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"விளக்கினேன்," என்றேன்.

அந்த முழங்கை நகரவில்லை. அம்மையார் அவள் பக்கம் திரும்பினார். "உன் தலைவி சொல்வது சரியா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஓட்டத்துக்கு முன்னால் என் சப்பாத்துக் கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பாளே, அப்படி.

"ஆமா. சொன்னா. நாந்தான் கவனிக்கல."

இரண்டு ஆண்டுத் தடை. படிப்பில் அவளுக்கு மிச்சமிருந்ததும் அதே இரண்டு ஆண்டுதான். விளையாட்டு உதவியில் கிடைத்த விடுதி அறையும் போயிற்று. தங்கப் பதக்கங்களைத் திரும்பக் கொடுத்தோம்; தனி ஓட்டத்தின் தங்கத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. தொடர் ஓட்டத்தின் மற்ற இரண்டு பெண்களும் அவளோடு பேசவில்லை. அங்கிள் அலுவலகத்துக்கு வந்து, மகள் மாதிரி நினைத்துத்தான் கொடுத்தேன் என்று மன்றாடினார். விதியில் மகள் மாதிரிக்கு இடமில்லை.

அவள் அறையைக் காலி செய்த நாளில் நான் மாடி நடைவழியில் நின்று பார்த்தேன். காவலாளி பெட்டியைத் தூக்கினார். கேண்டீன் மக்சிக் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். யாரோ வேன் கொண்டுவந்தார்கள், யாரோ தலையணையைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழெட்டுப் பேர். தண்டனை அவளுக்கு. வழியனுப்ப வந்த ஆட்களும் அவளுக்குத்தான். நான் பட்டம் வாங்கி அதே விடுதியை விட்டுப் போனபோது என் பெட்டியை நானேதான் இறக்கினேன். அன்று மாடியில் நின்ற எனக்குக் குற்ற உணர்ச்சியைவிட அந்தக் கூட்டம்தான் உறுத்தியது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

ஒரு பருவம் பாசிர் கூடாங்கிலிருந்து பஸ் பிடித்து வகுப்புக்கு வந்தாள். பிறகு வரவில்லை. அங்கிளின் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டு நானூறு மீட்டரில் எனக்குத் தங்கம். என் முன்னால் யாருடைய முதுகும் இல்லை. அந்தப் பதக்கத்தை அப்பாவிடம் காட்டியபோது அவர் கேட்டார், "அந்தப் பிள்ளை ஏன் ஓடேல்ல?" காயம் என்று சொன்னேன். அப்பா இறக்கும்வரை அது காயமாகவே இருந்தது.

இப்போது நான் ஓர் இடைநிலைப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. விடுமுறை நாட்களில் போட்டிகளுக்கு நேரக்காப்பாளராகப் போவேன். போன ஆண்டு பாசிர் கூடாங்கில் ஆலைகளுக்கு இடையிலான போட்டிக்கு அழைத்திருந்தார்கள். பெயர்ப்பட்டியலில் அவள் பெயரைப் பார்த்தேன். வேறு யாராவதாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மதியம் தண்ணீர்த் தொட்டியருகே நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அலமாக், கேப்டன்! பசியாறிட்டியா?"

உடம்பு கொஞ்சம் கனத்திருந்தது. சிரிப்பு அப்படியே. இரண்டு பிள்ளைகள், ஷிஃப்ட் வேலை, இரவு வேலை முடிந்து நேராக வந்ததாகச் சொன்னாள். என்னைப் பற்றி எல்லாம் கேட்டாள். அப்பா போய்விட்டார் என்றதும் அவள் கண் நிறைந்தது. அவள் எப்போதோ ஒருநாள், ஒரு மணி நேரம் பார்த்த மனிதர்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "அன்னிக்கி விசாரண ரூம்ல நான் பொய் சொன்னேன்," என்றேன்.

"தெரியும்."

"ஒனக்கு நான் ஒரு வரிகூடப் படிச்சுக் காட்டல. வேணும்னேதான்."

"அதுவும் தெரியும் லா. மத்தவளுங்களுக்கு நீ படிச்சுக் காட்டுனத பாத்துகிட்டுதானே வந்தேன்."

நான் அவளையே பார்த்தேன். "அப்பறம் ஏன் ஆமான்னு சொன்ன?"

அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். "நான் இல்லன்னு சொன்னா ஒனக்குத் தட வரும். எனக்கு எங்கியாச்சும் யாராச்சும் ஒண்ணு குடுப்பாங்க. ஒனக்கு ஓட்டத்த விட்டா என்னா இருந்துச்சி? அதான் சரி, வச்சிக்கோன்னு வுட்டுட்டேன்." பிறகு, சிரிக்காமல் சொன்னாள், "ஆனா நெறைய நாளு ஒம்மேல கோவமா இருந்தேன். படிப்பு போனதுக்கு. அத மட்டும் சொல்லிடறேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அவள் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

பெண்கள் நானூறு மீட்டர். என் கடிகாரம் நான்காம் தடத்துக்கு. நான்காம் தடத்தில் அவள்தான் நின்றாள். வெடி வெடித்ததும் பொத்தானை அழுத்தினேன். முதல் வளைவில் மற்றவர்களோடு சேர்ந்தே ஓடினாள். பின்நேர்கோட்டில் அந்தப் பழைய நீண்ட எட்டு வந்தது. கடைசி வளைவைத் தாண்டியபோது அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, அவளைவிடப் பத்து வயது சின்னப் பெண்கள் எல்லாரும் பின்னால். இவ்வளவு காலத்தில் ஓடும்போது அவள் முகத்தை முன்னாலிருந்து பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு, வலியோடு ஓடினாள். அவளுக்கு வலிக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கோட்டைக் கடந்தாள். அழுத்தினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நான் தங்கம் வாங்கிய நேரத்தைவிடக் குறைவு.

சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன். நெஞ்சுக்குள் ஏறிவந்தது என்னவோ அந்தப் பழைய எரிச்சல்தான், ஒரு துளிகூடக் குறையாமல்.

"நான்காம் தடம், எவ்வளவு?" என்று பதிவு செய்பவர் கேட்டார்.

இரண்டாவது முறை கேட்ட பிறகுதான் கடிகாரத்தில் இருந்ததைச் சொன்னேன்.